ஐந்தரையை மூன்றால் பெருக்குங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

ஈரோட்டிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஹாலில் எட்டடிச் சுவர் ஒன்றை அம்மா உங்களுக்கு விட்டுக்கொடுத்ததையும், அந்தச் சுவரோரமாக நம் ஊர் ரயில் ஓட வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதையும் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. சின்ன வயதில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஷெட்டுக்குத் திரும்பும் டீசல் என்ஜினைப் பார்த்ததை எழுதியிருந்தீர்கள். அந்த என்ஜின், பின்னால் நாலைந்து நீலப் பெட்டி, அவ்வளவு போதும் என்கிறீர்கள். கடைசி வரியில் ஒரு கேள்வி: ஹெச்ஓ வாங்கலாமா, என்-கேஜ் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். கடையில் கேட்டால் பெட்டியோடு எடுத்துக் கொடுக்க முடியாத, பல கடைக்காரர்கள் பெயரே கேட்டிராத ஒரு விகிதத்தை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். இதே கேள்வியை இன்னும் சிலர் கேட்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்கேல் என்றால் நமக்குப் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் அடிக்கோல்தான் நினைவுக்கு வரும். அதனால் நிஜத்தை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம் என்பதை விகிதம் என்றும், இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கேஜ் என்றும் எழுதுகிறேன். விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹெச்ஓ என்றால் 87இல் ஒரு பங்கு, கேஜ் 16.5 மில்லிமீட்டர். என் என்றால் 160இல் ஒரு பங்கு, கேஜ் 9 மில்லிமீட்டர். 16.5ஐ 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,435 வரும். 9ஐ 160ஆல் பெருக்கினால் 1,440. ஐரோப்பாவின் பெரும்பகுதியும் அமெரிக்காவும் ஓட்டுகிற நான்கடி எட்டரை அங்குலப் பாதை 1,435 மில்லிமீட்டர். அவர்களுக்குக் கணக்கு நேராகிவிட்டது. நம் அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம், 1,676 மில்லிமீட்டர்.

நடுவில் இருக்கும் 241 மில்லிமீட்டர் வித்தியாசம் கையளவு பொம்மையில் தெரியவா போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பல வருடங்களுக்கு முன்பு ஹெச்ஓவில் ஒரு ஐ.சி.எஃப் பெட்டி கட்டினேன். பெரம்பூர் ஐ.சி.எஃப் தொழிற்சாலையில் 1955இல் தொடங்கி, 2018 வரைக்கும் அந்த வடிவத்தில் பெட்டிகள் வெளிவந்துகொண்டிருந்தன. நம் தலைமுறைக்கு ரயில் என்றாலே அந்தப் பெட்டிதான். பிளாஸ்டிக் ஷீட்டில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கம்பி ஒட்டி, நீலம் அடித்து, வெளிர்நீலப் பட்டை இழுத்து முடிக்க மூன்று மாதம் ஆனது. பக்கவாட்டில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. தண்டவாளத்தில் ஏற்றி வைத்து, மேசையில் கன்னத்தைப் பதித்து, முன்னாலிருந்து பார்த்தேன். அது நம் பெட்டியாக இல்லை. ஏன் என்று பிடிபடவில்லை. கூரை வளைவைச் சரிபார்த்தேன், பஃபரின் உயரத்தைச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு வாரம் கழித்து அரக்கோணத்தில் பிளாட்பாரக் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் வண்டி ஒன்று வளைவு திரும்பி முகம் காட்டியது. அப்போதுதான் புரிந்தது. நம் வண்டி காலை அகட்டி ஊன்றி வருகிறது. நெல் மூட்டையை முதுகில் வாங்குகிறவர் நிற்பாரே, அந்த நிற்பு. என் மேசையில் இருந்தது காலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஐ.சி.எஃப் பெட்டியின் அகலம் 3,245 மில்லிமீட்டர், கேஜைப்போல 1.94 மடங்கு. என் பெட்டியின் அகலம் 37 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கேஜ் 16.5, அது 2.26 மடங்கு. கண்ணுக்கு எண் தெரியாது, ஆனால் மடங்கு தெரிந்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்கப் பார்த்த உருவம் அல்லவா.

ஹெச்ஓவிலேயே இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. கேஜை 19.25 மில்லிமீட்டருக்கு அகட்ட வேண்டும். அப்படி ஒரு தண்டவாளம் எங்கும் விற்பனையில் இல்லை. ஒவ்வோர் அடியையும், பாதை பிரியும் ஒவ்வொரு பாயிண்டையும் கையால் பதிக்க வேண்டும், ஒவ்வொரு அச்சையும் நீட்ட வேண்டும். பொறுமைசாலிகள் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் முதல் லேஅவுட்டுக்கு அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அன்றிரவு கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உலகத்திலேயே அதிகம் விற்கிற மாடல் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். அதை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஓடும் வண்டியைச் சுருக்கினால் என்ன? 1,676ஐ 16.5ஆல் வகுத்தேன். 101.6 வந்தது. எங்கோ பார்த்த எண்ணாக இருந்தது. ஓர் அடிக்கு 304.8 மில்லிமீட்டர். அதை மூன்றால் வகுத்தால் 101.6. அப்படியென்றால் அடிக்கு மூன்று மில்லிமீட்டர். ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் பதினாறரை! மிச்சம் மீதி எதுவும் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கு மூன்று என்பது புதிதாக நான் உண்டாக்கிய விகிதம் அல்ல. அதற்குத் தனிக் கதை இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ஹால் ஜாய்ஸ் என்பவர் மேசைமேல் அடங்குகிற ரயில் வேண்டும் என்று 120இல் ஒரு பங்கு, 12 மில்லிமீட்டர் கேஜ் என்று ஓர் அளவைக் கொண்டுவந்தார். டேபிள் டாப் என்பதன் முதலெழுத்துகளை வைத்து டிடி என்று அதற்குப் பெயர். 1957இல் இங்கிலாந்தின் டிரை-ஆங் கம்பெனி அதே 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் பிரிட்டிஷ் என்ஜின்கள் உருவத்தில் சிறியவை. 120இல் ஒரு பங்காக்கினால் அன்றைய மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் தண்டவாளத்தை மாற்றாமல், வண்டியை மட்டும் அடிக்கு மூன்று மில்லிமீட்டராகப் பெருக்கிவிட்டார்கள். விளைவு, அவர்களுடைய நான்கடி எட்டரை அங்குலப் பாதை மாடலில் நான்கு அடியாகக் குறுகிப்போனது. 1960களின் பின்பாதியில் டிரை-ஆங் அந்த வரிசையையே கைவிட்டது. ஆனால் அதை விரும்பியவர்கள் விடவில்லை. 1965இல் த்ரீ மில்லிமீட்டர் சொசைட்டி என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றும் அது இருக்கிறது. தங்கள் கேஜைச் சரியாக்க 14.2 மில்லிமீட்டர் தண்டவாளத்தை அவர்களில் பலர் கையாலேயே பதிக்கிறார்கள்.

பிறந்த வீட்டில் பொருந்தாமல் போன விகிதம், புகுந்த வீட்டில் பொருந்துகிறது. அவர்கள் அறுபது வருடமாகக் கைவேலை செய்து அடைகிற துல்லியத்தை நமக்குச் சாதாரண ஹெச்ஓ தண்டவாளம் கொடுத்துவிடுகிறது. இலங்கை வாசகர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். யாழ்தேவி ரயில் ஓடுவதும் 1,676 மில்லிமீட்டர் பாதையில்தான்.

இனி உங்கள் சுவருக்கு வருகிறேன்.

எட்டடி நல்ல அளவு. பிளைவுட் கடையில் முழு ஷீட் எட்டுக்கு நான்கு அடிதான்; நீளவாக்கில் ஒன்றரை அடி அகலத்துக்கு அறுத்துக் கொடுக்கச் சொன்னால் இணைப்பே இல்லாத பலகை கிடைக்கும். 18 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். கீழே ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் மெல்லிய பலகை வாழை இலை மாதிரி சுருண்டுவிடும்.

இந்த விகிதத்தில் ஐ.சி.எஃப் பெட்டியின் உடல் 210 மில்லிமீட்டர் நீளம், 32 மில்லிமீட்டர் அகலம். பஃபரிலிருந்து பஃபர் வரை ஏறக்குறைய 220. டபிள்யூ.டி.எம்-2 டீசல் என்ஜின் 168. ஆறு பெட்டியும் என்ஜினும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். ஹெச்ஓவில் அதே வண்டி 1.73 மீட்டர் வரும். உங்கள் பலகை 2.44 மீட்டர். மிச்சமாகும் இந்த 24 சென்டிமீட்டரில் ஒரு பாயிண்ட் வைக்கலாம். ஒரு பாயிண்ட் கூடினால் என்ஜின் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போக வழி கிடைக்கும். சின்ன ஸ்டேஷனில் ரயில் வேலை என்பதே அதுதானே.

அளவெடுப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். நம் கொத்தனாரும் தச்சரும் இன்றைக்கும் அடிக்கணக்கில்தான் பேசுகிறார்கள். ஏழடிக் கதவா, 21 மில்லிமீட்டர். பத்தடிச் சுவரா, 30. நான்கடி ஜன்னல் 12. கால்குலேட்டரே வேண்டாம், ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே மனக்கணக்கில் வரைந்துவிடலாம். 87இல் ஒரு பங்கில் இந்தச் சுகம் கிடையாது.

சாமான்கள் கிடைக்காதே என்பது அபூர்வமான விகிதத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிற குறை. வண்டிகளைப் பொறுத்தவரை அது உண்மை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ரயிலைச் சுற்றியிருக்கும் உலகத்துக்கு அந்தக் குறை இல்லை. கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் 100இல் ஒரு பங்கில்தான் பெரும்பாலும் மாதிரி செய்கிறார்கள். அவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் அந்த அளவு ஆட்கள், மரங்கள், கார்கள் கிடைக்கும். ஐந்தரை அடி ஆள் 100இல் ஒரு பங்கில் 16.8 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது 16.5. அந்தக் கால் மில்லிமீட்டரை எந்தக் கண்ணும் பிடிக்காது.

ஆனால் அந்த ஆட்கள் வெள்ளை பிளாஸ்டிக்கில், பேன்ட் சட்டையோடு, ஏதோ அலுவலக வாசலில் நிற்கிற மாதிரி இருப்பார்கள். அவர்களை நம் பிளாட்பாரத்துக்குக் கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன். டிஷ்யூ பேப்பரை ஓர் இழையாகப் பிரித்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். ஃபெவிகாலைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்து, தாளை அதில் நனைத்து, ஆளின் இடுப்பில் ஒரு சுற்று. முன்பக்கம் ஊசிமுனையால் இரண்டு மடிப்பு இழுங்கள். காய்ந்ததும் வேட்டி. இன்னொரு நூலளவு துண்டைத் தோளில் போட்டால் துண்டு. நான் இப்படிச் செய்த முதல் ஆளுக்குத் தகரத்தில் தூக்குவாளி ஒன்றும் செய்துகொடுத்தேன். மிளகைவிடச் சிறிய வாளி. அவர் இன்றைக்கும் என் லேஅவுட்டில் மூன்றாவது பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நிற்கிறார்.

இன்னொரு வசதி, இந்தக் காலத்துக்கே உரியது. பரவலாக விற்கும் 3டி பிரிண்டர்களின் மேடை 220 மில்லிமீட்டர் சதுரம். நம் பெட்டியின் உடல் 210. நேராக வைத்தே ஒரே துண்டாக அச்சாகிவிடும். ஹெச்ஓ பெட்டி 245. அதைக் குறுக்குவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் எவ்வளவு தேய்த்தாலும் நீல வண்ணத்துக்குக் கீழே தழும்பு மாதிரி தெரியும். ஐ.சி.எஃப்புக்குப் பிறகு வந்த எல்.எச்.பி பெட்டி கட்ட ஆசைப்பட்டால் மட்டும் நமக்கும் அந்தச் சாய்ப்பு வேலை உண்டு. அதன் உடல் 232 மில்லிமீட்டர் வரும்.

சக்கரம், அந்தச் சக்கரங்களைத் தாங்கும் போகி விஷயத்திலும் அதிர்ஷ்டம் நம் பக்கம். கேஜ் ஹெச்ஓ என்பதால் ஹெச்ஓ சக்கரங்கள் எல்லாம் அப்படியே ஓடும். அமெரிக்கச் சரக்கு வண்டிக்கென்று விற்கும் 33 அங்குலச் சக்கரத்தின் விட்டம் 9.6 மில்லிமீட்டர். நம் விகிதத்தில் அது 975 ஆகிறது. நம் பாக்ஸ்-என் சரக்கு வேகனின் சக்கரம் புதிதில் 1,000 மில்லிமீட்டர். ஓட ஓடத் தேயும். ஆக, கொஞ்ச காலம் ஓடிய வேகன் என்று வைத்துக்கொண்டால் அளவு அச்சாகப் பொருந்துகிறது. ஐ.சி.எஃப் போகியின் அச்சிடைவெளி 2,896 மில்லிமீட்டர், நமக்கு 28.5. ஐரோப்பிய விரைவு வண்டிகளில் 2.5 மீட்டர் அச்சிடைவெளி கொண்ட போகிகள் ஏராளம். அவற்றின் ஹெச்ஓ மாதிரி 28.7. அந்தப் போகியை வாங்கி, ஓரச்சட்டத்தை மட்டும் அரத்தால் தேய்த்தெடுத்துவிட்டு, ஐ.சி.எஃப் சட்டத்தை அச்சடித்து ஒட்டினால் வேலை முடிந்தது. பெட்டிச் சக்கரம் 9 மில்லிமீட்டர் இருந்தால் போதும்; கிடைப்பது 9.6 என்றால் சற்றுப் பெரிதுதான். அதைச் சட்டம் மறைத்துவிடுகிறது.

இப்போது கஷ்டங்கள்.

தண்டவாளத்தின் உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கொடுப்பது கோட் 100 என்ற தண்டவாளம். அதன் உயரம் 2.54 மில்லிமீட்டர். நம் விகிதத்தில் 258 மில்லிமீட்டர் ஆகிறது. பாலத்து கர்டர் மாதிரி நிற்கும். நிஜத்தில் மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 156, 60 கிலோ தண்டவாளம் 172. கோட் 70 கிடைத்தால் 181 வரும். அதையே தேடுங்கள். கிடைக்காவிட்டால் கோட் 75. ஸ்லீப்பர்களும் கொஞ்சம் நீளம். ஹெச்ஓவில் 30 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நம் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர், அதாவது 27. இரண்டு முனையிலும் ஒன்றரை ஒன்றரை மில்லிமீட்டர் நறுக்க வேண்டும். ஒரு மீட்டர் பாதையில் நூற்றுக்கும் மேல் ஸ்லீப்பர் வரும். இரண்டு மாலை நேரம் ஆகும். ரேடியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள், கை தானாக நறுக்கும். பதிக்கும்போது தண்டவாள முனைகளுக்கு நடுவே ஒரு தபால் கார்டின் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். மே மாதத்தில் ஈரோட்டு வெயில் அந்த இடைவெளியைக் கேட்கும்.

என்ஜின்தான் பெரிய வேலை. இதை மறைத்து உங்களை இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை. இந்த விகிதத்தில் நம் என்ஜின் எதுவும் விற்பனைக்கு இல்லை. ஹெச்ஓவில் கிடைக்கும் ஆறச்சு என்ஜின்களின் அடிச்சட்டம் நமக்கு நீளம். நான் பழைய என்ஜின் ஒன்றை வாங்கி, சட்டத்தை நடுவில் அறுத்துச் சுருக்கி, மோட்டாரிலிருந்து போகிக்குப் போகும் தண்டை வெட்டிக் குட்டையாக்கினேன். முதல் தடவை அறுத்தது நூலளவு கோணல். என்ஜின் ஓடியது, ஆனால் மிக்ஸி மாதிரி கத்தியது. இரண்டு பாதியையும் கண்ணாடிப் பலகை மேல் வைத்து மட்டம் பார்த்து, எம்சீல் போட்டு இறுக்கி, இரவு முழுக்க அசையாமல் விட்டு, மறுபடி பொருத்திய பிறகுதான் சத்தம் அடங்கியது. எடைக்கு மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு பன்னிரண்டு. போகியின் அச்சிடைவெளி இன்னமும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் போகியையே புதிதாகக் கட்ட வேண்டும், என்றைக்காவது கட்டுவேன்.

அதனால் நீங்கள் என்ஜினிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோருக்கும் என்ஜின்மேல்தான் ஆசை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெட்டியில் கை பழகட்டும். நான்கு பெட்டி கட்டி முடிக்கும்வரை, யாராவது நண்பரிடம் இருக்கும் ஹெச்ஓ என்ஜினை வாங்கி வைத்து இழுத்துப் பாருங்கள். கேஜ் ஒன்றுதான், மின்சாரமும் அதே 12 வோல்ட். உருவம் பொருந்தாது, ஆனால் பெட்டி தடம் புரளாமல் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் பாதையில் நண்பர்களின் வண்டியும் ஓடலாம் என்பது இந்த விகிதத்தில் பெரிய ஆறுதல். ஆளில்லாத தீவில் குடியேறுகிற மாதிரி இருக்காது.

எந்த ஸ்டேஷனைக் கட்டலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: உங்களுக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் இருக்கிறது. அகலப்பாதை அங்கே வந்து முடிகிறது. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் போன மலை ரயில் அங்கிருந்து மீட்டர் பாதையில் கிளம்புகிறது. ஒரே ஸ்டேஷனில் இரண்டு அகலம். நாடெங்கும் மீட்டர் பாதையை அகலப்படுத்தும் வேலை 1992இல் தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன, இது நிற்கிறது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் இந்த மலைப்பாதைதான்.

மீட்டர் பாதை நம் விகிதத்தில் 9.84 மில்லிமீட்டர். என்-கேஜ் தண்டவாளம் 9. அதைப் போட்டு ஓட்டலாம், ஆனால் நான் மேலே இவ்வளவு நேரம் எதற்காக வாதாடினேனோ அதே பிழை அங்கே திரும்பி வரும்: நிஜத்தில் 914 மில்லிமீட்டருக்குக் குறுகிவிடும். என் யோசனை, மலை ரயிலை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள். ஓடாத பாதைக்குத் தண்டவாளத்தைக் கையால் 9.84க்கே பதித்துவிடலாம், ஒன்றரை அடி நீளம்தானே. சுவிஸ் நகரமான வின்டர்தூரில் செய்த, மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி என்ஜின் பக்கத்தில் நிற்க, அகலப்பாதையில் உங்கள் டீசல் வந்து நிற்கட்டும். இரண்டு கேஜும் ஒரே பார்வையில் விழும்போதுதான் அகலப்பாதையின் அகலம் முழுசாகத் தெரியும்.

2022இல் இங்கிலாந்தின் ஹார்ன்பி கம்பெனி 120இல் ஒரு பங்கில் டிடி வரிசையைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் சின்ன அடுக்கு வீடுகளில் பத்தாண்டுக்கணக்காக வளர்ந்த அளவு அது. அழகான வண்டிகள். அதைப் பார்த்துவிட்டு மனம் மாறினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதன் கேஜ் 12, நமக்கு அங்கே 14 வேண்டும். ஐரோப்பிய ரயிலை நேசிக்கிறவர்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன்.

உங்களுக்கு இந்த அடிக்கு மூன்று மில்லிமீட்டர் விகிதமே ஒத்துவராமல் போகலாம். வாங்கிய அன்றே வண்டி ஓட வேண்டும் என்று இருந்தால் ஹெச்ஓவையே எடுங்கள். இந்திய வண்டிகளும் அதில் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன, பக்கவாட்டில் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. சின்னக் குழந்தைகள் எடுத்து விளையாடும் வீடு என்றாலும் அதுதான் சரி. ஆனால் நீங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது பக்கவாட்டில் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஷெட்டுக்குத் திரும்பும் என்ஜின் உங்களை நோக்கித்தானே வந்தது?

செலவு செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஐ.சி.எஃப் பெட்டியின் பக்கச் சுவர், முகப்பு, கூரை மூன்றையும் இந்த விகிதத்தில் வரைந்து தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கெட்டி அட்டையில் ஒட்டி, வெட்டி, மடித்து நிறுத்துங்கள். மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளில் பதினாறரை மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அதன்மேல், ஏறக்குறைய சக்கரத்தின் உயரத்துக்கு இரண்டு அழிரப்பர் துண்டு வைத்து, அட்டைப் பெட்டியை ஏற்றுங்கள். பிறகு கன்னத்தை மேசையில் பதித்து முன்னாலிருந்து பாருங்கள். முடிந்தால் அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் எத்தனையோ பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள்.

என்ன தோன்றியது என்று எழுதுங்கள். எழுதும்போது, அந்தச் சுவரோரம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஸ்விட்ச் போர்டு தரையிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்ற இரண்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பலகையின் உயரத்தை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்